மாறிவரும் தமிழகமும் சபைப் பதிவேடும்

அண்மைக் காலத்தில் ஆயர் கூடுகைகளிலும் திருமண்டலக் கருத்தரங்குகளிலும் ஒரு கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. தமிழகத்தின் மக்கள்தொகையும் சமுதாய அமைப்பும் விரைந்து மாறிவருகின்றன. இம்மாற்றத்தைத் திருச்சபை எவ்வாறு எதிர்கொள்வது? கேள்வி நல்லதே. ஆயினும் அதற்குக் கிடைக்கும் விடைகளைக் கூர்ந்து நோக்கினால், அவை பெரும்பாலும் வேறொரு கேள்விக்குரிய விடைகளாக இருப்பதைக் காண்கிறோம். நம் எண்ணிக்கை குறையாதிருக்க என்ன செய்வது என்பதே அந்த வேறு கேள்வி. பிள்ளைகளை மிகுதியாகப் பெறுமாறு நம் குடும்பங்களுக்கு அறிவுரை கூறுவோர் ஒரு சாரார். திருச்சபை வளர்ச்சித் திட்டங்களை முன்வைப்போர் மற்றொரு சாரார். இவ்விரு விடைகளையும் சற்று ஆய்ந்து பார்க்க விழைகிறோம். கோளாறு நம் அலுவலக அலமாரியில் இருக்கும் சபைப் பதிவேட்டில்தான் தொடங்குகிறது என்பது நமது கருத்து.

மாற்றத்தின் அளவை முதலில் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை 1.8. ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்ப வேண்டுமாயின் 2.1 தேவை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அறுபது வயதினரும் அதற்கு மேற்பட்டோரும் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். 2036-இல் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அவ்வயதினராக இருப்பார் என்பது நடுவண் அரசு அமைத்த வல்லுநர் குழுவின் மதிப்பீடு. 1981-இல் மூவரில் ஒருவரே நகரவாசி. 2011-இல் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் நகரவாசிகள். இவற்றோடு, ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து திருப்பூரின் பின்னலாடை ஆலைகளுக்கும், கோவையின் வார்ப்பட ஆலைகளுக்கும், சென்னையின் கட்டட வேலைகளுக்கும் வந்து சேர்ந்த இலட்சக்கணக்கான உழைப்பாளரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு நெடுஞ்சாலைகளில் நடக்கத் தொடங்கிய பின்னரே, இத்தனை பேர் நம்மிடையே இருந்தனரா என்று பலர் வியந்தனர்.

இம்மாற்றங்கள் திருச்சபைக்குப் புறம்பே நிகழ்ந்தவை அல்ல. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் பழைய கிறிஸ்தவ ஊர்களுக்கு ஒரு சாதாரண ஞாயிறன்று சென்று பாருங்கள். அசனப் பண்டிகைக்கும் கிறிஸ்மஸுக்கும் இடம் போதாமல் பந்தல் போடும் ஆலயத்தில், ஆண்கள் பக்கத்துப் பெஞ்சுகள் வெறுமையாகக் கிடக்கும். பெண்கள் பக்கம் வெண்ணிறச் சேலை உடுத்திய மூதாட்டியர் இருபது முப்பது பேர். மஸ்கட்டில் இருக்கும் மகன் வீட்டு வாசலில் காமிரா பொருத்தியிருக்கிறான். தாயார் கதவைத் திறப்பதையும் மூடுவதையும் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறான். சேகரத்து ஆயரோ அவ்வாசலை ஆண்டுக்கு இருமுறை, அதுவும் காணிக்கைக் கவரோடு, மிதிக்கிறார். ஆலயக் கோபுரம் மட்டும் அந்த மகன்களின் பணத்தில் உயர்ந்துகொண்டே போகிறது.

இனி முதலாம் விடையைக் காண்போம். 2021 ஜூலையில் கேரளத்தின் பாலா கத்தோலிக்க மறைமாவட்டம், ஐந்தும் அதற்கு மேலும் பிள்ளைகளை உடைய தன் குடும்பங்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை அளிப்பதாக அறிவித்தது. 2024 அக்டோபரில், தொகுதி மறுவரையறையால் தமிழகம் தன் நாடாளுமன்ற இடங்களை இழக்கக்கூடும் என்ற அச்சத்தின் நடுவே, பதினாறு பிள்ளைகளைப் பெறலாமே என்ற பேச்சு அன்றைய முதலமைச்சரின் வாயிலிருந்தே வந்தது. அரசியலில் அதற்கொரு நியாயம் இருக்கலாம். நம் மேடைகளிலும் அதே குரல் ஒலிக்கத் தொடங்கியிருப்பதுதான் வியப்பு. ஒரு காலத்தில் நம் மிஷன் மருத்துவமனைகள் குடும்ப நலப் பணியில் முன்னின்றன. பெண்கல்விக்கு வழிகாட்டியது திருச்சபையே என்று நூற்றாண்டு விழா மலர்களில் எழுதிப் பெருமை கொள்கிறோம். படித்த பெண், பிள்ளைப்பேற்றைத் தன் முடிவுக்குரியதாக ஆக்கிக்கொண்டபோது, அதே திருச்சபை அவளை நோக்கி முகஞ்சுளிப்பது முறையாகுமோ?

இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. பிள்ளைப்பேற்றால் சபையைக் காக்கலாம் என்னும் கருத்து, சபையை ஓர் இனக்குழுவாகக் கருதுகிறது. ஏசாயா 56-ஆம் அதிகாரத்தைப் போதித்திராத ஆயர் நம்மில் இரார். அங்கே ஆண்டவரின் ஆலயத்திற்குள் அழைக்கப்படுவோர் இரு வகையினர்: பிள்ளை பெற இயலாத அண்ணகர், அந்நிய தேசத்தார். குமாரர் குமாரத்திகளைக் காட்டிலும் மேலான பெயர் பிள்ளையற்றோருக்கு வாக்களிக்கப்படுகிறது. சிறையிருப்பினின்று மீண்டு, மக்கள்தொகையில் மெலிந்து கிடந்த சமுதாயத்திற்கு உரைக்கப்பட்ட சொல் அது. வம்ச எண்ணிக்கையைப் பற்றிய கவலை அவர்களுக்கு நம்மைவிட மிகுதியாகவே இருந்திருக்கும். தீர்க்கதரிசி அக்கவலைக்குத் தீனி போடவில்லை.

இரண்டாம் விடை இதனினும் நுட்பமானது. ஆகவே சற்று விரிவாகப் பார்க்கத்தக்கது. திருச்சபை வளர்ச்சிக் கொள்கையின் தந்தை எனப்படும் டொனால்டு மெக்கவ்ரன் 1897-இல் மத்திய இந்தியாவின் தமோ நகரில் மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய முதன்மையான நூல்கள் 1955-இலும் 1970-இலும் வெளிவந்தன. அவற்றின் பின்னணியில், பேராயர் பிக்கெட் 1933-இல் வெளியிட்ட இந்தியத் திரள் இயக்கங்கள் பற்றிய ஆய்வு நின்றது. அதாவது, அமெரிக்கக் கல்விக்கூடத்தில் வடிவம் பெற்ற இக்கொள்கையின் வேர் நம் நாட்டுச் சேரிகளிலும் கிராமங்களிலும் இருந்தது. மனிதர் தம் இனம், மொழி, வகுப்பு ஆகியவற்றின் எல்லைகளைத் தாண்டாமலேயே கிறிஸ்தவராக விரும்புகின்றனர். ஆகவே நற்செய்தி ஒத்த குழுக்களினூடே பரவ விடுக என்பது அதன் சாரம்.

மெக்கவ்ரனுக்கு உரிய நியாயத்தை மறுக்கலாகாது. தனிமனிதனை அவன் உறவினின்று பிடுங்கி, மிஷன் வளாகத்திற்குள் நட்டு வளர்த்த முறையை அவர் கண்டித்தது சரியே. திரளாக வந்த தாழ்த்தப்பட்ட மக்களை அரிசிக் கிறிஸ்தவர் என்று இகழ்ந்த மிஷனெரிகள் நடுவே, அவ்வியக்கங்களில் பரிசுத்த ஆவியானவரின் செயலைக் கண்ட பிக்கெட்டின் பார்வையை அவர் தொடர்ந்தார் என்பதும் உண்மை. ஆனால் மக்கள் எவ்வாறு வருகின்றனர் என்ற வருணனை, சபை எவ்வாறு இருக்க வேண்டும் என்ற விதியாக மாறியபோது தீங்கு நேர்ந்தது. தமிழ்நாட்டில் நமக்கு அக்கொள்கையைக் கற்பிக்க எவரும் கடல் கடந்து வரத் தேவையிருக்கவில்லை. ஒத்த குழு என்பதற்கு நம்மிடம் பழைய பெயர் உண்டு. 1833-இல் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை இருத்தலாகாது என்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் சென்னையிலும் சபையை விட்டு வெளியேறியோர் பலர். இன்றும் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய ஊர்கள் உள. அச்சுவருக்கு வளர்ச்சிக் கொள்கை ஒரு நாகரிகப் பெயரைச் சூட்டித் தந்தது. அவ்வளவே.

இக்கொள்கையைத் திருப்பூரில் வைத்துப் பார்த்தால் அதன் வறுமை புலப்படும். ஆலையின் தங்கும் விடுதியில் ஓர் அறைக்கு எட்டுப்பேர் உறங்குகின்றனர். ஒருவர் சந்தால், ஒருவர் முண்டா, இருவர் ஒடியர், இருவர் பீகாரிகள், ஒருவர் உசிலம்பட்டிக்காரர், மற்றொருவர் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அவர்களுக்குள் ஒத்தது வேலைநேரம் ஒன்றே. ஆறு மாதத்தில் பாதிப்பேர் மாறிவிடுவர். இத்தகையோருக்கு நம் வளர்ச்சித் திட்டங்களில் இடமில்லை. ஏனெனில் அவர்கள் நிலையான உறுப்பினர் எண்ணிக்கையாக ஒருபோதும் மாறப்போவதில்லை.

இவ்விடத்தில் பதிவேட்டுக்கு வருகிறோம். நம் சபைப் பதிவேட்டின் அலகு குடும்பம். குடும்பத்தலைவர் பெயர், மனைவி, பிள்ளைகள், திருமுழுக்கு நாள், திடப்படுத்தல் நாள், செலுத்திய சந்தா. எண்ணாகமத்தின் முதல் அதிகாரத்தில் மோசே எண்ணியது இருபது வயதிற்கு மேற்பட்ட, போருக்குப் புறப்படத்தக்க ஆடவரை மட்டுமே. அது படைக்கான கணக்கு. ஆகையால் அவ்வாறு எண்ணினர். நம் கணக்கு எதற்கானது? திருமண்டலத் தேர்தல் நெருங்கும்போது அப்பதிவேடு எத்துணை விரைவாகப் புதுப்பிக்கப்படுகிறது என்பதைக் கண்ட எவருக்கும் விடை தெரியும். சந்தா நிலுவையில்லாதவரே வாக்காளர். ஆகவே மஸ்கட்டில் பத்தாண்டுகளாக இருந்து, தகப்பனார் வழியாகச் சந்தா செலுத்தும் மகன் நம் சபையின் உறுப்பினர். ஈராண்டுகளாக ஒவ்வொரு ஞாயிறும் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆலைத் தொழிலாளி உறுப்பினர் அல்லர். இல்லாதவரை எண்ணுகிறோம், இருப்பவரை எண்ணுவதில்லை.

அரசின் கணக்கும் இவ்வகையில் குற்றமற்றதன்று என்பதை ஈண்டுச் சொல்லியாக வேண்டும். 2001-இல் தமிழகத்தில் கிறிஸ்தவர் நூற்றுக்கு 6.07, 2011-இல் 6.12. ஆனால் பட்டியல் சாதியினருக்குரிய உரிமையைக் கிறிஸ்தவருக்கு மறுக்கும் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையினால், ஞாயிறன்று திருவிருந்தில் பங்குபெறும் தலித் சகோதரர் பலர் அரசின் ஏடுகளில் இந்துக்களாகவே நீடிக்கின்றனர். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நாம் வளர்ந்தோமா தேய்ந்தோமா என்று விவாதிப்பது வீண். தம் பிள்ளையின் படிப்புக்காகத் தம் விசுவாசத்தை ஏட்டிலிருந்து மறைக்க வேண்டிய நிலையில் உள்ளோரைப் பற்றியே நாம் விவாதிக்க வேண்டும்.

ஒரு நிகழ்ச்சியைக் கூறத் தயங்குகிறோம்; ஆயினும் கூறாமல் இக்கட்டுரை நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன், கொங்கு நாட்டு நகர் ஒன்றின் சபைக்கு மிஷன் ஞாயிறு ஆராதனையில் செய்தி கொடுக்க அழைக்கப்பட்டுச் சென்றோம். சனிக்கிழமை மாலை சேகரக் கமிட்டி அவசரமாகக் கூடியது. ராஞ்சிக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து வந்து சாய ஆலையில் வேலை செய்த இளைஞர் ஒருவர் விபத்தில் இறந்துவிட்டார். லுத்தரன் சபையில் திருமுழுக்குப் பெற்றவர். தமிழ் அரைகுறையாகவே புரியினும் அவ்வாலயத்திற்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தவர். உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லாமையால், கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு அவர் தோழர் நால்வர் வாசலில் நின்றனர். குடும்ப அட்டை உண்டா, தாய்ச்சபையின் கடிதம் உண்டா, சந்தா செலுத்தியுள்ளாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்பட்டது. இல்லை என்பதே விடை. கமிட்டியார் கொடியவர் அல்லர். இன்று ஒருவருக்குக் கொடுத்தால் நாளை எத்தனை பேர் வருவர் என்று ஒருவர் கேட்டார். இடம் கொஞ்சம் என்பது உண்மையே. நாம் விருந்தினர் என்பதால் வாய் திறவாதிருந்தோம். உடல் நகராட்சி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. அடக்க ஆராதனையை நாம் தமிழில் வாசித்தோம். நின்ற நால்வருக்கும் அதில் ஒரு சொல்லும் புரிந்திராது. நாம் முடித்தபின் அவர்கள் தம் மொழியில் ஒரு பாட்டுப் பாடினர். அது நமக்குப் புரியவில்லை.

மறுநாள் மிஷன் ஞாயிறு. வடநாட்டு ஊழியத்திற்காக எடுக்கப்பட்ட காணிக்கை அவ்வாண்டு முந்தைய ஆண்டைவிட மிகுதி என்று அறிவிக்கப்பட்டது.

தமிழ்த் திருச்சபையின் மிஷனெரி ஆர்வத்தை இகழ்வதற்காக இதைக் கூறவில்லை. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றிய நாள்முதல், நம் ஏழைச் சபைகள் பிடி அரிசி எடுத்து வைத்து ஊழியரை அனுப்பியது பெருமைக்குரிய வரலாறு. ஆனால் தொலைவில் இருக்கும் வடநாட்டான் நம் ஜெபத்திற்குரியவனாகவும், அடுத்த தெருவில் இருக்கும் வடநாட்டான் நம் ஐயத்திற்குரியவனாகவும் ஆனது எவ்வாறு? தொலைவில் இருப்பவனுக்கு நாம் கொடுப்பவர். அடுத்திருப்பவனோடு பெஞ்சையும் பாத்திரத்தையும் கல்லறையையும் பங்கிட வேண்டும். 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவி அவர்கள் அஞ்சி நடுங்கியபோது, அரசு அலுவலர் ஆலை ஆலையாகச் சென்று அவர்களுக்குத் தைரியம் கூறினர். அவ்வாரம் விடுதி வாயிலுக்குச் சென்ற ஆயர் எத்தனை பேர் என்று நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை உதவிக்காரர் நியமனத்திற்குரிய பகுதியாக மட்டுமே நாம் வாசித்துப் பழகிவிட்டோம். அதை மக்கள்தொகை மாற்றத்தின் கதையாக வாசித்தால் வேறொன்று தெரியும். சீஷர் பெருகிய நாட்களில்தான் முறுமுறுப்பு உண்டாயிற்று என்று லூக்கா தொடங்குகிறார். பெருக்கமே புறக்கணிப்புக்குக் காரணமாயிற்று. புறக்கணிக்கப்பட்டோர் யார்? கிரேக்கு மொழி பேசிய யூத விதவைகள். பரிசுத்த நகரில் கண்மூட வேண்டும் என்று முதுமையில் கணவரோடு அயல்நாட்டிலிருந்து வந்து, கணவர் இறந்தபின் உறவின்றி நின்றவர் இவர்களில் பலர் இருந்திருப்பர் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆக, முதியோர், இடம்பெயர்ந்தோர், மொழி தெரியாதோர் என்று நாம் மூன்று தனித் தலைப்புகளில் கருத்தரங்கு நடத்தும் மூவரும் அங்கே ஒரே பெண்ணின் உருவில் நிற்கின்றனர். அன்றாடப் பங்கீட்டுப் பட்டியலில் அவள் பெயர் விடுபட்டது. எருசலேம் சபையில் முதலாவதாக எழுந்த நிர்வாகச் சிக்கல் ஒரு பட்டியலைப் பற்றியதே.

அப்போஸ்தலர் செய்ததையும் கவனிக்க வேண்டும். அவர்கள் எபிரெயரில் இரக்கமுள்ள எழுவரைத் தேடவில்லை. தெரிந்துகொள்ளப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. ஒருவர் அந்தியோகியாவிலிருந்து வந்து யூத மார்க்கத்தில் அமைந்தவர். குறை கூறியவர் கையிலேயே பங்கீட்டுப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. விதவைகளை எவரும் கேட்டதாக நூலில் இல்லை, எழுவரும் ஆடவரே என்பதும் உண்மை. அக்குறையை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பந்தி விசாரிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான் முதல் இரத்தசாட்சியானார். பிலிப்பு சமாரியாவுக்கும், பின்பு ஏசாயா 56-இன் வாக்குறுதிக்கு உருவெடுத்தாற்போல் வந்த அந்த எத்தியோப்பிய மந்திரியிடத்திற்கும் சென்றார். நற்செய்தி எருசலேமின் எல்லையைக் கடந்தது அப்பந்தியிலிருந்துதான்.

நம் வரலாறும் இதையே கூறுகிறது. 1799-இல் முதலூர் எழும்பியது, ஊரில் வாழ இடம் மறுக்கப்பட்டோருக்கு அடைக்கலமாக. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோர் கங்காணி பின்னே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தபோது, 1854-இல் தமிழ்க் கூலி மிஷன் அவர்களைத் தொடர்ந்தது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் மலையேறினர். கண்டி மலையில் லயக் கூரையின்கீழ் நம் பாட்டனாருக்குத் தமிழில் நற்கருணை கிடைத்தது, யாரோ ஒருவர் அவரைத் தேடிச் சென்றதனால். இன்று அவ்வாறு தேடப்பட வேண்டியவர் நம் பேருந்து நிலையத்தில் இறங்குகிறார்.

மொழியைப் பற்றி ஒரு சொல். 1965-ஐ நினைவில் வைத்திருக்கும் நாட்டில், ஆயர் மாணாக்கர் இந்தி கற்க வேண்டும் என்று எழுதினால் புருவங்கள் உயரும் என்பதை அறிவோம். ஆட்சியாளர் திணிக்கும் மொழியை எதிர்ப்பதும், சாய ஆலையில் கை வெந்தவன் எந்த மொழியில் முனகுகிறானோ அதைக் கற்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. மேலும், அவன் முனகும் மொழி இந்தியாகவும் இராது. சாத்ரியாகவோ முண்டாரியாகவோ ஒடியாவாகவோ இருக்கக்கூடும். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகினார் என்று வகுப்பில் மகிழ்ந்து கூறுகிறோம். அம்மணலில் இப்போது அமர வேண்டியவர் நாமே.

ஆகவே நாம் கேட்பது புதிய திட்டம் அன்று. முதற்படியாக, பதிவேட்டில் ஒரு திருத்தம். குடும்பத்தை அலகாகக் கொள்ளாமல், ஆராதனைக்கு வரும் ஆளை அலகாகக் கொண்ட ஏடு ஒன்று ஒவ்வொரு சேகரத்திலும் வேண்டும். சந்தாவுக்கும் கல்லறைக்கும் உள்ள முடிச்சு அவிழ்க்கப்பட வேண்டும். தனித்து வாழும் முதியோரின் வீடுகள் தனித்தாளில் எழுதப்பட்டு, திருவிருந்து மாதந்தோறும் அவ்வீடுகளுக்குச் செல்ல வேண்டும். ஆயர் ஒருவரே எல்லா வீடுகளுக்கும் செல்ல இயலாது என்பதனால், அப்பணிக்குப் பெண்கள் ஐக்கியத்தினர் முறையாக அதிகாரம் பெற வேண்டும். ஆலை நகரங்களின் சேகரக் கமிட்டிகளில், வந்தேறிய உழைப்பாளரில் ஒருவரேனும் வாக்குரிமையோடு அமர வேண்டும். அவர் ஆறு மாதத்தில் ஊர் மாறிவிடுவாரே என்பர். ஆயரும் சில ஆண்டுகளில் மாற்றப்படுகிறார். அவரைக் கமிட்டியில் அமர்த்தத் தயங்குகிறோமா?

இதற்குச் சட்டவிதி இடந்தராது என்ற மறுப்பு எழும். சந்தாவைப் பற்றிய விதி நம் பேரவைகள் இயற்றியது, பேரவைகளே திருத்தலாம். பணத்திற்கு எங்கே போவது என்ற மறுப்பு இதனினும் வலியது. சந்தாவை நம்பியே உபதேசியாரின் சம்பளம் நிற்கும் சிற்றூர்ச் சபைகளை நாம் அறிவோம். அவற்றுக்கு, கோபுர நிதியில் பத்தில் ஒன்றை ஒதுக்குமாறு வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம். தம் தாயாரின் வாசலுக்கு யாரேனும் செல்வர் என்று தெரிந்தால் அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்றே எண்ணுகிறோம். அடுத்த தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் அச்சேறுவதற்கு முன், நம் சேகரக் கமிட்டிகள் ஒரு மாலையேனும் ஒதுக்கி, சென்ற ஞாயிறு ஆலயத்தில் இருந்தும் பதிவேட்டில் இல்லாதவர் யார் யார் என்று பெயர் பெயராக எழுதத் தொடங்கலாம்.